ஒன்பதாயிரத்துக்கு ஒரு பில்

அந்த மினி பஸ்ஸில் ஏறாதீங்க அக்கா. பத்து ரூபாய் வாங்குவான். பின்னாலேயே கவர்மெண்ட் டவுன் பஸ் வரும், நமக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. பின்னாலேயே என்றால் ஒரு அரை மணி நேரம். முக்கால் மணி என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அவசரமா? எனக்கும் அவசரம்தான். ஒன்பது மணிக்கு நான் கவுண்டரில் இருக்கணும், இப்போ ஒன்பது பத்து. அதற்காகப் பத்து ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

உட்காருங்க. பையை இந்தப் பக்கம் வைங்க. அது என்ன, ரெண்டு பாக்கெட் சேமியாவா? ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ என்று கொடுத்திருப்பான். அது ஃப்ரீ இல்லை அக்கா. முதலில் விலையைக் கூட்டி ஒரு ஸ்டிக்கர், அப்புறம் ஃப்ரீ என்று ஒரு ஸ்டிக்கர். எங்கள் கடையில் ரெண்டு ஸ்டிக்கரையும் ஒட்டுகிறவள் நான்தான். அதனால் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். மூணாம் நம்பர் கவுண்டர். பேர் பாண்டீஸ்வரி. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டேன். நிறுத்திவிட்டேன் என்ன, அக்கவுண்டன்சியில் பதினெட்டு மார்க். ரிஸ்வானா என்று ரெண்டாம் நம்பர் கவுண்டரில் ஒருத்தி இருக்கிறாள். கணக்கில் ஃபெயிலான பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்களே என்று அவள் சிரிப்பாள். கம்ப்யூட்டர் கூட்டுது, உனக்கு என்னடி என்பேன் நான்.

என் பிரச்சினை கடை இல்லை. எங்கள் அம்மா. அந்த மூணு மாசத்தைச் சொல்கிறேன், நியாயம் நீங்களே சொல்லுங்க.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறாள். அப்பா திருப்பூரில் இருக்கிறார். மாசம் பிறந்தால் அங்கேயிருந்து போன் வரும், பணம் வராது. எங்கள் வீட்டில் யார் சம்பாதித்தாலும் அது அம்மாவின் பர்சுக்குப் போகணும். அந்தப் பர்சைப் பார்க்கணுமே நீங்க! ஜிப் போய் நாலு வருஷம் ஆகிறது, ஊக்கு குத்தி வைத்திருப்பாள். எங்கள் அக்கா கல்யாணம் ஆகிற வரைக்கும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து நீட்டினாள். எனக்குச் சம்பளம் பேங்கில் போடுகிறார்கள். ஒன்பதாயிரம். கவர் கிடையாது, கார்டுதான். முதல் மாசம் சம்பளம் ஏறின அன்றைக்கே அம்மா கையை நீட்டினாள்.

"கார்டைக் கொண்டாட்டி."

"தரமாட்டேன். என் சம்பளம், நான் பாத்துக்கிடுவேன்."

"நீ என்னத்தப் பாப்ப? மாசம் பத்தாந்தேதி எங்கிட்டதான் வந்து நிப்ப."

"பட்ஜெட் போடுவேன்."

அம்மா அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் பேசுவேன். பேசினதில் கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. மூணு மாசம் கார்டு என் கையில். வீட்டுக்கு மாசம் மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிடணும். மூணாம் மாசக் கடைசியில் பத்தாயிரம் ரூபாய் சேர்த்துக் காட்டினால் கார்டு எனக்கே. ஒரு ரூபாய் குறைந்தாலும் பர்சுக்குப் போய்விடும், அப்புறம் நான் ஜென்மத்துக்கும் கேட்கக் கூடாது.

"ரூவாயாக் காட்டணும். பேப்பர்ல எழுதிக் காட்டாத" என்றாள்.

அப்போ பேப்பரில் எழுதினால் மதிப்பில்லை என்கிறாள். சரி, பிரிண்ட் எடுத்தே காட்டுகிறேன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கவுண்டரில் கூட்டம் இல்லை. பில் மெஷினில் 'லூஸ் அயிட்டம்' என்று ஒன்று இருக்கிறது. கோட் இல்லாத சாமானுக்கு நாமே பேரும் விலையும் அடிக்கலாம். அடித்தேன். வீடு மூவாயிரத்து ஐந்நூறு. சேமிப்பு மூவாயிரத்து நானூறு. போன் முந்நூறு. டீ, தீனி ஐந்நூறு. சோப்பு, ஷாம்பு முந்நூறு. துணி ஐந்நூறு. இதர ஐந்நூறு. கீழே மொத்தம் ஒன்பதாயிரம், அதற்கும் கீழே 'நன்றி, மீண்டும் வருக'. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஷிப்டு மாறும்போது கல்லாவை எண்ணினால் ஒன்பதாயிரம் குறைகிறது.

தங்கமாரி அண்ணன்தான் எங்கள் சூப்பர்வைசர். அவர் எண்ணினார், ரிஸ்வானா எண்ணினாள், நான் ரெண்டு தரம் எண்ணினேன். ஒன்பதாயிரம் இல்லை. தங்கமாரி அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு பில்லாகத் தள்ளிக்கொண்டே வந்தார். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நின்றார்.

"பாண்டீஸ்வரி, இது என்ன சாமான்? 'சேமிப்பு', மூவாயிரத்து நானூறு. எந்த ரேக்கில இருக்கு?"

ஹோல்டு அமுக்குகிற இடத்தில் சேவ் அமுக்கியிருக்கிறேன் அக்கா. என் பட்ஜெட் வியாபாரமாகக் கணக்கில் ஏறிவிட்டது. கடையில் யாரோ ஒருத்தர் வந்து ஒரு வீடு, ஒரு சேமிப்பு, ஒரு இதர எல்லாம் வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உண்மையைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு நேரம் எடுக்கும், அதனால் உண்மைதான் எப்பவும். தங்கமாரி அண்ணன் சிரித்துச் சிரித்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை. பில்லை ரத்து செய்யச் சொன்னார், கடை மெஷினில் சொந்த வேலை பார்த்ததற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றார். பாருங்க, பட்ஜெட் போட்ட அன்றைக்கே 'இதர' காலி. பட்ஜெட் போட்டதற்கான செலவு பட்ஜெட்டிலேயே போய்விட்டது. ஆனால் ஒரு விஷயம், வரியைத் தாண்டவில்லை. இதர ஐந்நூறு, செலவு ஐந்நூறு. சரியாகத்தானே இருக்கிறது?

அந்தப் பில்லை வீட்டில் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன், அம்மா தினமும் பார்க்கட்டும் என்று. பில் பேப்பர் சூடு தாங்காது என்பது எனக்குத் தெரிந்திருக்கணும், அதே பேப்பரோடுதான் பிழைக்கிறேன். ரெண்டு வாரத்தில் முழுக்கக் கறுத்துவிட்டது.

"என்னட்டி, ஒம் பட்ஜெட்டு தீஞ்சு போச்சு" என்றாள் அம்மா.

பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

பஸ் செலவு என்று அதில் ஒரு வரி இல்லை என்று கவனித்தீங்களா? அங்கேதான் என் மூளை. டவுன் பஸ்ஸில் நமக்குச் சும்மாதானே. மூணு மாசமும் பஸ் செலவு பூஜ்யம். மினி பஸ் கண் முன்னால் போகும், ரிஸ்வானா ஜன்னலில் இருந்து 'ஏறுடி' என்று கத்துவாள், நான் அசைய மாட்டேன். என்ன, சில நாள் லேட் ஆகும். எங்கள் கடையில் மூணு லேட் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள், நூற்றைம்பது ரூபாய். மூணு மாசத்தில் எனக்குப் பதினைந்து லேட். எழுநூற்றைம்பது போய்விட்டது. ரிஸ்வானா என்ன கணக்கு போடுகிறாள் தெரியுமா? "பதினைந்து நாளும் மினி பஸ்ஸில் வந்திருந்தா நூற்றைம்பதோட போயிருக்கும்" என்கிறாள். அவளுக்குப் பட்ஜெட் புரியாது. லேட்டுக்குப் பிடித்தது கடையின் தப்பு, அரசாங்க பஸ்ஸின் தப்பு. பஸ் செலவு வரியில் பூஜ்யம் பூஜ்யம்தான்.

இதோ இன்னொரு மினி பஸ். போகட்டும் விடுங்க.

ரெண்டாம் மாசம் எனக்குப் பட்ஜெட் தலைக்கு ஏறிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் என்ன செய்தேன்? கவுண்டருக்கு வருகிறவர்களுக்கு நல்லது சொன்னேன். ஒரு டீச்சரம்மா தரை துடைக்கிற லோஷன் அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கி வைத்தார்கள்.

"மிஸ், போன வாரம்தான ரெண்டு லிட்டர் வாங்கினீங்க? வீடா மிஸ், பஸ் ஸ்டாண்டா?"

அவர்களுக்கு முகம் மாறிவிட்டது. ஆனால் கேனைத் திருப்பி வைத்துவிட்டார்கள் அக்கா! நூற்றுத் தொண்ணூறு மிச்சம். அதற்கப்புறம் ஒருத்தரையும் விடவில்லை. 'அண்ணாச்சி, பிள்ளை அழுதா வாங்கிக் குடுத்துருவீங்களா, நாளைக்கும் அழும்ல?' 'யம்மா, இந்தப் பேஸ்டும் அந்தப் பேஸ்டும் ஒண்ணுதான், டப்பாதான் வேற.' கடையிலேயே என் கவுண்டரில்தான் நீளமான வரிசை நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தங்கமாரி அண்ணன் ஒரு நாள் வந்து காதோரம் கேட்டார். "தாயி, நீ நம்ம கடையில வேலை பாக்கியா, எதுத்த கடைக்கு வேலை பாக்கியா?"

ரெண்டு வாரம் பின்கட்டில் பருப்பு நிறுத்துப் பாக்கெட் போடச் சொல்லிவிட்டார்கள். அங்கே பேச ஆளே இல்லை. மூட்டையிடம் என்ன சொல்லுவது?

மூணாம் மாசம் முடிந்தது. சம்பளம் ஏறின அன்றைக்குச் சேமிப்பை மட்டும் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து நானூற்றைம்பது. ஐந்நூற்றைம்பது குறைகிறது. மறுபடி கூட்டினேன். அதேதான். கம்ப்யூட்டரில் போட்டேன், இந்தத் தடவை ஹோல்டு சரியாக அமுக்கி. அதேதான்.

ரிஸ்வானா பர்சைத் திறந்தாள். "இந்தா ஐந்நூற்றைம்பது. ஒங்கம்மாகிட்டக் காட்டிட்டு, நாளைக்குக் காலைல திருப்பிக் குடு. ஒரு ராத்திரிக்கு யாருக்குத் தெரியும்?"

கை நீட்டிவிட்டேன், மறைக்கவில்லை. நோட்டைத் தொட்டும்விட்டேன். கார்டு போய்விடும் அக்கா. கார்டு போனால் ஒரு ரிப்பன் வாங்கணும் என்றாலும் எதற்கு என்று கேட்பாள், கேட்டுவிட்டு ஊக்கைக் கழற்றப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வாள். எங்கள் அக்காவைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வளையல் வாங்க இருபது ரூபாய்க்கு நின்றவள் அவள். அதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அம்மா பத்தாயிரத்தை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து 'எல்லாம் ஒன் காசுதானாட்டி?' என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் அங்கேயே உளறிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். வேண்டாம்டி என்று சொல்லிவிட்டேன்.

ஏடிஎம்மில் ஒன்பதாயிரத்து நானூறு எடுத்து, கையில் இருந்த ஐம்பதையும் சேர்த்துக்கொண்டு போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பணத்தை முன்னால் வைத்து, அதற்கு மேலே கார்டையும் வைத்தேன்.

"ஐந்நூத்தியம்பது குறையுது. தோத்துட்டேன். எடுத்துக்கிடு."

அம்மா கையைத் துடைத்துவிட்டு எண்ணினாள். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ரெண்டு தரம் எண்ணினாள். 

"இம்புட்டு ரூவாய மொத்தமா நான் கடன் வாங்குற அன்னைக்குத்தான் பாத்துருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான். கார்டை எடுத்துப் பர்சுக்குள் போட்டு ஊக்கைக் குத்தினாள். பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டு மறுபடி கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் கண் விழித்தால் தலைமாட்டில் அந்தப் பர்சு. முழுப் பர்சு. உள்ளே என் கார்டு, அம்மாவின் கார்டு, ரேஷன் கார்டு, கரண்ட் பில் அட்டை, மகளிர் குழு புத்தகம், ஒரு மளிகைச் சீட்டு, ரெண்டு கொட்டைப்பாக்கு.

"என்னம்மா இது?"

"இனிமே நீயே பாரு."

"பத்தாயிரம் ஆகலையே?"

"நம்ம வீட்ல ஆகாத தொகையா ஒண்ணு சொல்லணுமேன்னு பத்தாயிரம்னேன். நீ என்னடான்னா பக்கத்துல போயி நிக்கே. இருபத்திரெண்டு வருசம் நான் பாத்துட்டேன். எனக்கு மண்ட காயுது. நீ பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தோற்ற பந்தயத்தில் ரெண்டு கார்டு! ரிஸ்வானாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புது நோட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். 'சொல்லும்மா, வீட்டுச் செலவு என்னென்ன' என்றேன். சொன்னாள் அக்கா. ஒரு மணி நேரம் சொன்னாள். வாடகை, குழுக்கடன் வாராவாரம், பால், கேஸ், அக்காவுக்கு வளைகாப்பு, யார் யார் வீட்டுக்கு மொய், மழை வந்தால் ஓடு மாற்றணும். எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்துப் பதினாறாயிரத்து ஐந்நூறு. செலவு பத்தொன்பதாயிரத்து முந்நூறு.

"மீதி ரெண்டாயிரத்து எண்ணூறு எங்கருந்தும்மா வரும்?"

"வரும்."

"எங்கருந்து?"

"அதெல்லாம் எழுத முடியாது. எழுத முடியறத மட்டும் நீ எழுது."

இப்படி ஒரு பட்ஜெட்டை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? இன்னொன்று. ரெண்டு பக்கம் எழுதினேனே, அதில் அம்மா பேரில் ஒரு வரி கிடையாது. ஒரு டீகூட இல்லை. இது தப்பு. சம்பாதிக்கிற ஆளுக்கு ஒரு தொகை ஒதுக்காமல் போடுகிற பட்ஜெட் நிற்காது. நான் பெருந்தன்மையாக 'அம்மா, முந்நூறு' என்று ஒரு வரி போட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

அந்த முந்நூறு அஞ்சாந்தேதி தீர்ந்துவிட்டது! தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே தினமும் முட்டை பப்ஸ். தினமும் அக்கா! தனியாகக்கூட இல்லை, ரெண்டு மூணு சேக்காளிகளோடு. போன ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போய்விட்டாள். எட்டு பொம்பளைகள் ஒரு ஆட்டோவில். டவுன் பஸ் இருக்கிறதே என்றேன். "பஸ்சுக்கு நின்னா மொதப் பாட்டு முடிஞ்சுரும்ட்டி" என்கிறாள். வீட்டில் சத்தமாகப் பேசுகிறாள், சத்தமாகச் சிரிக்கிறாள், எட்டு மணிக்கெல்லாம் படுத்துக் குறட்டை விடுகிறாள். நான் உட்கார்ந்து, சேர்த்த பணத்தைத் தொடாமல், ரெண்டாயிரத்து எண்ணூறைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது வரவே இல்லை. குழுக்காரம்மா செவ்வாய்க்கிழமை வந்தால் இப்போ என்னைத்தான் கூப்பிடுகிறது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் டிவி பார்க்கிறாள். வயசு நாற்பத்திநாலு. கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?

நேற்றுச் சாயங்காலம் என்னால் முடியவில்லை. நாக்கில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள் நான், உங்களிடம் என்ன. பர்சை எடுத்துக்கொண்டுபோய் அம்மா முன்னால் நீட்டினேன்.

"எம்மா, இந்தா. நீயே வச்சுக்கிடு."

அம்மா அப்போதான் ஒரு பப்ஸைக் கடித்திருந்தாள். வாயில் அதைக் கவ்விக்கொண்டே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்புகிறாள். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம். வீட்டைச் சுற்றி ஓடினோம் அக்கா, ரெண்டு பேரும். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசி வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. வாயெல்லாம் பப்ஸ் தூள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் திட்டவும் வரவில்லை.

அப்புறம் என்ன செய்வது, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 'அம்மா' வரியை முந்நூறில் இருந்து எண்ணூறு ஆக்கிவிட்டேன். எதிலிருந்து எடுத்தாய் என்றுதானே கேட்கப் போறீங்க? என் துணி வரி ஐந்நூறு இருந்ததே, அதை அடித்துவிட்டேன். எனக்கு இப்போ துணி எதற்கு? ரெண்டு சுடிதார் இருக்கிறது, நல்லாத்தான் இருக்கிறது, தைத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம் வரும். சின்னப் பிள்ளை மாதிரி அவள் ஆசைப்படுகிறாள், தின்றுவிட்டுப் போகட்டும்.

ஏன்க்கா சிரிக்கிறீங்க? நான் சீரியஸாகத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?